கோத்துக் கொடுத்த ஊசி

காலையில் கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால், எங்கள் லைன் வீட்டில் பொழுது சாய்கிற வரைக்கும் இரண்டே பேர்தான். ஒன்று நான், மயிலாள். இன்னொன்று பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள். திருப்பூரில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பதே அபூர்வம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகூடப் பனியனில் பிசிர் வெட்டப் போகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், பகல் முழுக்க ஆள் அரவம் இல்லாத ஒரு வரிசையில், இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாகக் கிடந்தோம். ஆனால் பேசிக்கொள்வது கிடையாது.

ஒரு காலத்தில் நாங்கள் பேசிய பேச்சுக்குக் கம்பெனியில் எங்களைக் கண்காணிக்கச் சூப்பர்வைசர் தனியாக ஒரு ஆள் போட வேண்டியிருந்தது. செக்கிங் டேபிளில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பனியனில் ஓட்டை பார்த்தவர்கள். அவள் தூக்குப் போசியில் இருந்த குழம்பு என் சோற்றுக்கும், என் ஊறுகாய் அவள் சோற்றுக்கும் போகும். நின்று நின்று அவளுக்கு முட்டி தேய்ந்தது. என் வீட்டுக்காரர் மாரப்பன் காய்ச்சலில் படுத்தவர் எழவே இல்லை. அவள் வேலையை விட்டாள். நான் வீட்டிலேயே தைக்கிற வேலையை வாங்கிக்கொண்டேன்.

வேலை என்றால் போர்வை வேலை. முதலிபாளையத்துக் கம்பெனி ஒன்று வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்குப் போர்வை செய்து அனுப்பியது. மேலே பனியன் துணி, அடியில் பனியன் துணி, நடுவில் பஞ்சு. மிஷினில் ஓட்டினால் பனியன் துணி இழுத்துக்கொண்டு கோணிப்போகும் என்பதால் கையால்தான் தைக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உள்ளே பஞ்சு நகராதபடி சின்னச் சின்னதாக நூலோட்ட வேண்டும். ஊரே மிஷின் வைத்து நிமிஷத்துக்கு ஒரு பனியன் போட்டுத் தள்ளும்போது, நான் ஒருத்தி ஒரு முழத்துக்கு அரை நாள் குனிந்து கிடந்தேன். பிறக்காத பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி தைத்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பிள்ளை கிடையாது.

சண்டை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் கம்பெனி வண்டி வந்து போர்வையை எடுத்துப் போகும். கடைசிப் பக்கம் தைக்கும்போது ஊசி முறிந்தது. வேறு ஊசி இல்லை. கடையும் சாத்தியாயிற்று. சுவரை எட்டி, "ஏ கருப்பாத்தா, ஒரு ஊசி குடு" என்றேன்.

அவள் அப்போதுதான் விளக்கு வைத்துவிட்டு வந்திருந்தாள். "விளக்கு வெச்சாச்சு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஊசி கேக்கறயே, உனக்கே நல்லா இருக்குதா?" என்றாள்.

விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, கூடவே லட்சுமியும் போய்விடுவாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவசரம் என்று ஒன்று இருக்கிறதே. "உன்ற ஊட்டு லட்சுமி ஒரு ஊசியப் புடிச்சுட்டுப் போறவளா இருந்தா, அவ இருந்தென்ன, போயென்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"ஊட்டுல விளக்கு வெக்கறவளுக்குத்தான் அந்த அரும தெரியும். உனக்கென்ன, வெச்சா என்ன, வெக்காட்டி என்ன?" என்றாள் அவள்.

அவள் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். மாரப்பன் போய் வருஷம் திரும்பவில்லை. அந்தச் சொல்லை அவள் யோசித்துச் சொன்னாளா, வாய் தவறிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. கதவைச் சாத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. அவளாக வந்து பேசட்டும் என்று நான் இருந்தேன். நானாக வந்து பேசட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேருக்கும் பிடிவாதத்தில் குறைச்சல் இல்லாததால் வருஷங்கள் சுலபமாகப் போயின.

அதற்குள் என் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணாடி வாங்கி மாட்டினேன். துணி தெரிந்தது, தையல் தெரிந்தது, ஊசியின் காது மட்டும் தெரியவில்லை. கம்பெனி கொடுக்கும் ஊசி குட்டை ஊசி. அதன் காது எறும்புக்கு மட்டும்தான் தெரியும். காலையில் வேனுக்கு நிற்கும் பெண்களிடம் ஊசியை நீட்டுவேன். "இருங்கக்கா, வேன் வந்துருச்சு" என்று ஒன்றைக் கோத்துக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அந்த நூல் தீர்ந்ததும் என் வேலையும் தீர்ந்தது. பிறகு சாயங்காலம் வரைக்கும் ஊசியையும் நூலையும் கையில் வைத்துக்கொண்டு, நூல் நுனியை எச்சில் தொட்டுத் தொட்டு, அழாத குறையாக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அந்த ஆத்திரத்தில் ஊசிகள் குத்தி வைக்கும் துணி உருண்டையைத் தூக்கிச் சுவர் மேல் வைத்துவிட்டு, "தைக்கறதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று காக்கையிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால், உருண்டையில் இருந்த அத்தனை ஊசியிலும் நூல் கோத்திருந்தது. நுனியில் முடிச்சும் போட்டிருந்தது. நூல் சிக்காமல் உருண்டையைச் சுற்றிச் சுற்றி விட்டிருந்தது. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி உருட்டிப் போடும் முடிச்சு. செக்கிங் டேபிளில் எதிரே நின்று பார்த்த முடிச்சு.

நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் பேசின மாதிரி ஆகிவிடும். மறுநாள் உருண்டையை மறந்து வைத்தது போலச் சுவர் மேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நூல் கண்டையும் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தவில்லை என்றால் அவள் எடுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். வெகுநேரம் கழித்துத் திறந்தேன். எல்லாம் கோத்திருந்தது.

அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு தினமும் அது நடந்தது. ஊசி கோக்க இத்தனை நேரமா என்று எனக்குத் தோன்றும். வேண்டுமென்றே காக்க வைக்கிறாள், திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கோத்து வந்த ஊசியைக் கையில் எடுக்கும்போது எனக்குள் ஏதோ இளகும். நூல் என் கை நீளத்துக்குச் சரியாக இருக்கும். துருப்பிடித்த ஊசி செங்கல் பொடியில் தேய்த்துப் பளபளவென்று திரும்பி வரும். ஆடி நோன்பு அன்றைக்கு உருண்டையில் ஊசியோடு ஒரு செவ்வந்திப் பூவும் குத்தியிருந்தது. அதை நான் தலையில் வைக்க முடியாது. சாமி படத்துக்கு வைத்தேன். அவள் முட்டிவலியில் முனகுவது சுவரைத் தாண்டிக் கேட்கிற நாளில் நான் ஊசிகளைக் குறைத்து வைப்பேன். ஒரு நாளைக்கு எங்களுக்குள் நடந்த போக்குவரத்து அவ்வளவுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது. சொல்லப்போனால், எனக்கு இருந்ததே அதுதான்.

இந்த நிலைமையில்தான் கிட்டுசாமி வந்தான்.

கிட்டுசாமி கம்பெனிக்காரன். டிவிஎஸ் வண்டியில் துணிப் பொதியைக் கட்டிக்கொண்டு வருவான், தைத்ததை எடுத்துக்கொண்டு போவான். நல்ல பையன், ஆனால் அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மிஷின் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவன். அன்றைக்கு வந்தவன் சட்டைப் பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான்.

"அக்கா, போர்வ வாங்கற வெளிநாட்டுப் பையர் உங்களுக்கெல்லாம் கிப்ட் குடுத்து உட்ருக்கறாருங்க. தைக்கறவங்க கண்ணு கெட்டுப்போகக் கூடாதாமுங்க."

உள்ளே விரலில் மாட்டும் தகரத் தொப்பி ஒன்று இருந்தது. கூடவே காசு அளவில் மெல்லிய தகடு ஒன்று, அதன் முனையில் முடி மாதிரி ஒரு கம்பி வளையம்.

"இது என்னுங்க தம்பி?"

"ஊசி கோக்கற டூலுங்கக்கா! இந்தக் கம்பிய ஊசிக் காதுல உடோணும். பாக்கவே வேண்டாமுங்க, தடவுனாலே போயிரும். அப்பறம் இந்த வளையத்துல நூல உடோணும். இழுக்கோணும். பாருங்க, முடிஞ்சுதுங்க!" இழுத்தான். நூல் வந்துவிட்டது. "இனி நீங்க யாரையுமே எதிர்பாக்க வேண்டாமுங்கக்கா! ஒருத்தர் தயவும் வேண்டாம்!"

தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். நான் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மிக்கல்லில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"மெதுவாப் பேசுங்க தம்பி" என்றேன்.

"ஏனுங்கக்கா? நல்ல விசயந்தானுங்களே!" என்றான் இன்னும் சத்தமாக.

அவன் போன பிறகு அந்தத் தகட்டை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். எனக்கு எதற்கு அது? மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல ஊசி உருண்டையைச் சுவர் மேல் வைத்தேன். நூல் கண்டையும் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் திறந்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது.

மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் வைத்தேன். வெயில் ஏறி ஊசிகள் சுட்டன. யாரும் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அவள் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. ஆள் இருக்கிறாள், ஊசியை மட்டும் எடுக்கவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெரிய இவளா இவள்? ஒரு தகரத்துண்டு வந்ததற்கு இத்தனை ரோஷமா? பானையில் இருந்து தகட்டை எடுத்து நானே கோத்தேன். கிட்டுசாமி சொன்னது பொய் இல்லை. தடவினாலே போயிற்று. நிமிஷத்தில் அத்தனை ஊசியும் கோத்து முடிந்துவிட்டது. அவள் அரை நாள் எடுத்துக்கொண்ட வேலை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், முழுப் பகலும் என் எதிரே அப்படியே காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மாரப்பன் செத்தபோதுகூட இந்தப் பயம் இல்லை. அப்போது வீடு நிறைய ஆள் வந்து அழுதது. இப்போது எனக்குப் போனது என்ன என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? ஊசி கோக்க ஆள் இல்லை என்று அழுதால், அதுதான் உன்னிடம் கருவி இருக்கிறதே என்பார்கள். வாசலைப் பெருக்கினேன். பெருக்கின வாசலையே மறுபடியும் பெருக்கினேன். யாராவது தபால்காரன் வீடு மாறி வந்து கேட்க மாட்டானா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். கிட்டுசாமி பொதி எடுக்க வந்த அன்றைக்கு, அந்தக் கம்பி வளையத்தை இழுத்து அறுத்துவிட்டு, அவனை மிஞ்சிய குரலில் கத்தினேன். "என்னுங்க தம்பி இது, ஒண்ணுக்கும் ஆகாத தகரத்தக் குடுத்துட்டுப் போயிட்டீங்க! ஒடஞ்சே போச்சு! நா இனி ஊசிக்கு எங்க போவேன்? எனக்குக் கோத்துக் குடுக்க யாரு இருக்கறா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் சொன்னேன். அதைவிட வெளிப்படையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கிட்டுசாமி பதறிப்போனான். "அட, இதுக்குப் போயி ஏனுங்கக்கா இத்தன வெசனப்படறீங்க? கம்பெனில கெடக்குதுங்க, நா கொண்டாறேன்!" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினான். சொன்ன சொல் தவறாதவன். அன்று சாயங்காலமே ஒரு அட்டை நிறைய, வரிசை வரிசையாகக் குத்தி வைத்த தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். "இனி ஆயுசுக்கும் உங்களுக்குக் கவலையே இல்லீங்கக்கா!" என்றான். எனக்கு அவனை அந்த அட்டையாலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் கருப்பாத்தாளின் வீட்டில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. ஊரில் ஏதாவது கோயில் நோம்பியாக இருக்கும், மகன் லிங்கசாமி வந்து கூட்டிப்போயிருப்பான், வந்துவிடுவாள் என்று இருந்தேன். அவன் குண்டடத்தில் ஒரு தோட்டத்தில் பண்ணையம் பார்க்கிறான். அவ்வப்போது வந்து தாயைத் தன்னோடு வரச் சொல்லிச் சத்தம் போடுவது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். அவள் என்ன பதில் சொல்வாள் என்பது மட்டும் கேட்காது. அவள் எப்போதும் மெல்லத்தான் பேசுவாள்.

நாள் போயிற்று. பூட்டு பூட்டியபடியே இருந்தது. நூல் கண்டு தீர்ந்துபோனதால் பின் சந்தில் உள்ள டெய்லர் சென்னியப்பன் கடைக்குப் போனேன். அந்தச் சந்துப் பக்கம் நான் போவதே இல்லை. கருப்பாத்தாள் வீட்டின் பின்வாசல் அந்தச் சந்தில்தான் திறக்கும்.

சென்னியப்பன் மிஷினை நிறுத்தி நூலை எடுத்துக் கொடுத்தான். "ஏனுங்கக்கா, இப்பெல்லாம் உங்க ஊசி வர்றதே இல்லீங்களே?" என்றான்.

"எந்த ஊசி?"

"அதானுங்க, துணி உருண்டைல குத்தி வருமுங்களே. டெய்லியும் நாந்தானுங்க கோத்துக் குடுப்பேன்."

எனக்குப் புரியவில்லை. "கருப்பாத்தா கோக்கறதில்லீங்களா?"

"அதுக்கு எங்கீங்கக்கா கண்ணு தெரியுது?" என்றான் அவன் சாதாரணமாக. "என்ற கடப் படியவே கால்ல தடவித்தான் ஏறும். செவுத்தப் புடிச்சுப் புடிச்சு, நின்னு நின்னு வரும். நா கோத்துக் குடுத்தா உக்காந்து முடிச்சு மட்டும் தானே போடும். முடிச்சுப் போடக் கண்ணு வேண்டாமுன்னு சொல்லும். நூல் நீளத்துக்கு மட்டும் என்னோட சண்டை புடிக்கும். ‘அவ கை நீளம் எனக்குத் தெரியும், நீ வெட்டாத’ன்னு சொல்லி, தன்ற கைல அளந்து குடுக்கும்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். நின்று நின்று வந்தாளா? அந்த முட்டியை வைத்துக்கொண்டா? உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு திமிர் பிடித்தவள் என்று நான் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவள் இந்தச் சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாளா?

"அது எப்ப வருமுங்க?" என்று கேட்டேன்.

"இனி வராதுங்கக்கா, உங்களுக்குத் தெரியாதுங்களா? மகன் சாமான் செட்டோட கூட்டிட்டுப் போயிட்டானுங்க. பாவம், அவனும் வருசமாக் கூப்புட்டான். ‘பக்கத்தூட்டுல ஒருத்தி ஊசிய வெச்சுட்டு உக்காந்திருக்கறா, நா வந்துட்டா அவளுக்கு ஆரு இருக்கறா’ன்னு சொல்லிச் சொல்லியே இருந்துக்கும். அப்பறம் ஒரு நாளு இங்க வந்து, ‘அவளுக்கு ஏதோ கருவி வந்துருச்சாம் சென்னியப்பா, இனி எனக்கு இங்க என்ன வேல’ன்னுச்சு. சித்த நேரம் உக்காந்திருந்துட்டுப் போயிருச்சு."

நூலுக்குக் காசு கொடுத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்தேன். என்னால் சமைக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக அழுதால் என்ன, சத்தமாக அழுதால் என்ன.

மறுநாள் தாராபுரம் பஸ் ஏறிக் குண்டடத்தில் இறங்கினேன். விசாரித்து விசாரித்து நடந்து, ரோட்டோரமாகவே இருந்த தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். தோட்டத்துச் சாளை வீட்டுக்கு முன்னால் ஒரு கயிற்றுக் கட்டிலில் கருப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். எதிரே பரந்த சோளக்காடு. பக்கத்தில் ஆள் இல்லை. நான் கிட்டப் போய் நின்றும் அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் சாய்த்துக் கேட்டாள்.

"ஆரது?"

"நாந்தான்" என்றேன்.

"ஆரு? மயிலாளா?" அவள் கை கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. "காக்காயத் திட்டற அதே சத்தம்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்து என்ன பேசுவது? எனக்கு வருவது சண்டைதான். அதையே ஆரம்பித்தேன்.

"கண்ணு தெரியாதவ ஏண்டி என்ற ஊசிய எடுத்தே?"

"சென்னியப்பன் சொல்லீட்டானா? அவன் வாய்ல ஊசியப் போட்டுத் தெக்கோணும்" என்றாள். "அன்னிக்கு நீ உருண்டையச் செவுத்து மேல வெச்சுட்டுப் பொலம்புனே. கேட்டுது. எடுத்துக் கோத்துப் பாத்தேன். எனக்குந் தெரியல. செரி, அவங்கிட்டக் கொண்டு போனா ஆச்சுன்னு போனேன்."

"ஒரு வார்த்த சொல்லீருக்கலாமல்ல?"

"சொன்னா நீ வெக்க மாட்டயே. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சா வெப்பயா?"

வைத்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்தக் கருவி வந்த பொறவுங்கூட நா தெனமும் வெச்சேன். நீதான் எடுக்கல" என்றேன்.

"உனக்கு வேண்டாம்னு ஆன பொறவு எடுத்தா, அது பிச்ச போடற மாதிரி இருக்குமே" என்றாள். "நீ எனக்குப் பிச்ச போடறயோன்னு நெனச்சேன்."

"ஒடச்சுப் போட்டுட்டுக் கத்துனனே, அது கேக்கலயா?"

"கேட்டுது. செரின்னு அன்னிக்கு எந்திரிச்சுச் செருப்பத் தேடினேன். அப்பறம் அந்தப் பையன் அட்டையோட வந்துட்டான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சொன்ன சொல்லைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இங்க எப்படி இருக்கறே?" என்றேன்.

"நேரத்துக்குச் சோறு வருது. மருமவ தங்கமானவ. வெடியறதுக்கு முன்னால ரெண்டு பேரும் காட்டுக்குப் போயிருவாங்க. அப்பறம் பொழுதோட வருவாங்க." அவள் சோளக்காட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அங்கயாச்சும் செவுத்துக்கு அந்தப் பக்கம் நீ ஒருத்தி இருந்தே."

"வந்துரு. உன்ற ஊட்டுல வேற ஆள் வந்தா வரட்டும், என்ற ஊட்டுல இரு. எனக்கென்ன, நா ஒருத்திதான்."

அவள் கட்டில் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். அதிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"மகன் இத்தன வருசம் கெஞ்சிக் கூட்டியாந்திருக்கறான். இப்ப நா மறுக்காக் கெளம்பிப் போனா, பெத்தவள வெச்சுக் கஞ்சி ஊத்த முடியலயான்னு ஊர் அவன நாக்குல போட்டுப் பேசும். அது வேண்டாம் மயிலா. அவன் பாவம்."

நான் மேலே வற்புறுத்தவில்லை. வாதாடி ஜெயிக்கிற இடம் அது இல்லை என்று எனக்கும் தெரிந்தது. மத்தியானம் அவளோடு சோறு தின்றேன். பொழுது சாய ஆரம்பித்ததும் கிளம்பினேன். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு கோலை ஊன்றிக்கொண்டு அவளும் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தாள். அவள் எப்படி நடப்பாள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வலது காலை எடுத்து வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், பிறகு இடது கால். சந்துக் கடைக்கும் இப்படித்தான் போயிருப்பாள்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். பேச நிறைய இருந்தது. தோள் இடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு பஸ் வந்து நின்றது. கருப்பாத்தாள் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பலகையை உற்றுப் பார்த்தாள். "இது பல்லடம் வரைக்குந்தான் போகுமாட்ட இருக்குது" என்றாள்.

நானும் பார்த்தேன். எனக்கு அது ஒரு மஞ்சள் தீற்றலாகத் தெரிந்தது. ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "திருப்பூர், திருப்பூர், திருப்பூர்" என்று கத்திக்கொண்டிருந்தான். அவளுக்கும் காது நன்றாகக் கேட்கும்.

"ஆமா. பல்லடந்தான் போட்ருக்குது" என்றேன்.

கண்டக்டர் எங்களைப் பார்த்து, "ஏனுங்கம்மா, ஏறுலீங்களா?" என்று கேட்டான்.

"நம்ம பஸ் இது இல்லீங்க" என்றாள் கருப்பாத்தாள்.

பஸ் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அதுவும் எங்களுக்கு வேறு ஊராகவே தெரிந்தது. கடைசி பஸ் வருகிற வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் கண் தெரியவே இல்லை.